நைனா பந்திக்குப் போகாத ஞாயிறு

காலி டப்பாவில் அரிசி விழுந்தால் ஒரு சத்தம் வரும். தகரக் கூரையில் தூறல் பிடித்தாற்போல், வாசல்வரைக்கும் கேட்கும். டப்பாவில் பாதி அரிசி இருந்தால் அந்தச் சத்தம் கம்மிப்போய், பக்கத்து வீட்டில் யாரோ முறத்தைத் தட்டுவதுபோல் வரும். முக்கால் நிறைந்துவிட்டால் அரிசிமேல் அரிசி விழுவது போடுகிற கைக்குத் தெரிந்தால்தான் உண்டு. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் கடிகாரமோ காலண்டரோ கிடையாது. இருந்தாலும் அம்மா உலை வைக்கிற நேரத்தில் அடுப்புப் பக்கம் காதை வைத்தால், இன்றைக்குத் திங்கட்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று சொல்லிவிடுவேன்.

அந்த டப்பாவுக்கு எங்கள் வீட்டில் "கர்த்தர் டப்பா" என்று பேர். பழைய பால் பவுடர் டப்பாதான். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டிவிட்டு, அம்மா சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டு வைத்திருந்தாள். உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து முதல் பிடியை எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். வாரம் முழுக்கச் சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை ஒரு துணியில் முடிந்து கோயிலுக்கு எடுத்துப்போவோம். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம். அங்கே எல்லா வீட்டுப் பிடி அரிசியும் ஒரே கூடையில் விழும். அந்த வாரம் யார் வீட்டில் நோயாளி படுத்திருக்கிறாரோ, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ, அந்த வீட்டுக்கு அது போகும்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் காலனி. நாற்பது வீட்டில் பன்னிரண்டு வீடு எங்களைப்போல் "வேதக்காரவங்க" வீடு. எல்லோருக்கும் வேலை ஒன்றுதான். நடவு, களை, அறுப்பு, அது இல்லாத மாதங்களில் கிடைத்த கூலி. எங்கள் கோயில் அப்போது மண்சுவர் வைத்த கீற்றுக் கொட்டகை. ஆறு ஊருக்கு ஒரே பாஸ்டர். அவரை "ஐயர்" என்று கூப்பிடுவோம். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் அவர் மொபெட்டில் வந்து திருவிருந்து கொடுப்பார். அந்த அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கப் போவதற்கு எங்கள் ஊரில் "பந்திக்குப் போறது" என்று பேர். பந்திக்குப் போகாமல் பாயில் உட்கார்ந்திருக்கும் ஆளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்று, யாரோடாவது சண்டை போட்டிருப்பார், இல்லாவிட்டால் குடித்திருப்பார். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு என்பதை நான் ஒன்பதாவது வயதில்தான் கண்டேன்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். விளக்கு வைத்ததும் வீட்டில் ஜெபம் நடக்கும். அம்மா வேதம் வாசிப்பாள், நைனா ஜெபிப்பார், நானும் தம்பி தானியேலும் முட்டி போட்டு ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து இருப்போம். ஜெபத்தில் நைனா மழைக்குக் கேட்பார், நிலத்துக்காரர் வீட்டு மாட்டுக்குச் சுகம் கேட்பார், அப்புறம் எங்களிடம் வருவார். "ஆண்டவரே, இந்தத் தானிப் பையன் பல்லு வெளக்கச் சொன்னா சாம்பல வாயில வெச்சுட்டு ஓடிப்புடறான். எஸ்தரு வாய்ப்பாடு சொல்ல மாட்டேன்றா. நீங்கதான் புத்தி குடுக்கணும்பா." எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். பக்கத்து வீட்டு ராகேல் அக்கா, தன் வீட்டுக்காரரிடம் நேரே சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவரிடம் உரக்கச் சொல்லுவார். அந்த மனிதர் வெளியே பீடி பிடித்தபடியே, "அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், மெதுவா சொல்லு" என்பார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அந்த வருஷம் மழை தள்ளிப்போய் நடவு ஆரம்பிக்கவில்லை. வேலை இல்லாத அந்த நாட்களில் பார்த்து நைனாவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையில் காய்ச்சல் இறங்கினாலும் ஆள் துணிபோல் கிடந்தார். வீட்டில் அரிசி ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு உண்டு. அம்மா எப்படியோ இருந்துகொள்வாள். நைனாவுக்குத்தான் ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறு நைனாவை விட்டுவிட்டு யாரும் கோயிலுக்குப் போகாததால், கர்த்தர் டப்பாவில் போன வாரத்து அரிசி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அம்மா அந்த டப்பாவை இறக்கியதை நான் பார்த்தேன். கையை உள்ளே விட்டு எடுத்தாள்; மறுபடியும் போட்டாள்; மறுபடியும் எடுத்தாள். நான் நிற்பது தெரிந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நைனாவாண்ட சொல்லாத பாப்பா. ஞாயித்துக்கெயமைக்குள்ள நான் போட்டு ரொப்பிடறேன்" என்றாள். அன்றைக்கும் மறுநாளும் அதில்தான் கஞ்சி. நைனா உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, "ஆண்டவர் வயி வுட்டாரு பாரு" என்றார். அம்மா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

செவ்வாய் சாயங்காலம் மழை பெய்தது. புதனன்று நடவு தொடங்கிவிட்டது. சாயங்காலம் அம்மா கூலி அரிசியோடு வந்தாள்; கழனியில் கொடுத்த கூழும் கொண்டுவந்ததால் அன்று உலை வைக்கவில்லை. வியாழனும் அவள் விடியும் முன்னே கிளம்பியதால், நைனாவையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றேன். சோறு பொங்கும் வேலை என்னுடையது. அரிசியை அளந்ததும், அம்மா செய்வதுபோலவே முதல் பிடியை எடுத்துக் கர்த்தர் டப்பாவில் போட்டேன். அம்மாவாக இருந்திருந்தால் டப்பாவைச் சாய்த்துச் சத்தமில்லாமல் சரித்துவிட்டிருப்பாள். எனக்கு அது தோன்றவில்லை. காலி டப்பாவின் அடியில் அரிசி சலசலவென்று விழுந்தது.

உள்ளே படுத்திருந்த நைனாவின் குரல் வந்தது.

"யாரு அது, எஸ்தரா?"

"ஆமா நைனா."

"இன்னா சத்தம்?"

"கர்த்தர் டப்பால அரிசி போட்டேன்."

"இன்னிக்கு இன்னா கெயம?"

"வியாயக்கெயம."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். என் ஒரு பிடி அரிசிதான் அடியில் கிடந்தது.

"மீதி எங்கடி?"

"தெரியாது."

"பச்சையா மென்னுட்டியா?"

அதற்கு முந்தின வருஷம் ஒருதரம் நான் அந்த டப்பாவிலிருந்து அரிசி எடுத்து வெல்லத்தோடு மென்று மாட்டியிருந்தேன். அதனால் அவர் என்மேல் சந்தேகப்பட்டதில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"இல்ல நைனா."

"பின்ன எலி வந்து மூடியத் தொறந்து, துன்னுட்டு, மறுபடியும் மூடிட்டுப் போச்சா?"

வேலியில் இருந்த பூவரசங் குச்சியை ஒடித்துக் காலில் நாலு அடி அடித்தார். அதற்குள் அவருக்கே மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்துவிட்டார். அடி பெரிய அடியில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் வலித்தது. "ஆண்டவரோடத திருடற கொயந்த என் வூட்ல வந்து பொறந்துட்ச்சே" என்று என்னைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

சாயங்காலம் அம்மா முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. யார் முதலில் சேதி சொல்வது என்பதில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. "எம்மா, கர்த்தர் அரிசிய எக்கா துன்னுட்டா. நைனா அடிச்சுட்டாரு" என்றான். அம்மா கால் கழுவப் போனவள் அப்படியே நின்றாள். என் காலைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உள்ளே நைனா இருமினார். வாயை மூடிக்கொண்டாள். பிறகு தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து என் காலில் தடவினாள். நான் அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தேன். இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விளக்கு வைத்து ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அன்றைக்கு அம்மா வாசித்தது ஒருவருக்கும் புரியவில்லை; வரி தப்பித் தப்பிப் படித்தாள். பிறகு நைனா கண்ணை மூடிக்கொண்டு, மழைக்கு நன்றி சொல்லிவிட்டு, "ஆண்டவரே, எம் பொண்ணு எஸ்தரு உம்மோட அரிசியத் திருடிட்டா. திருடிட்டு, தெரியாதுன்னு பொய் வேற சொல்றா. மன்னிச்சு அந்தப் புத்திய மாத்துங்கப்பா" என்றார்.

அடித்தது எங்களுக்குள் நடந்த விஷயம். காயம் ஆறினால் போய்விடும். இது மேலே போய்விட்டது. நைனா தினமும் ஆண்டவரோடு பேசுகிறவர். என் வயதைவிட அதிக வருஷமாய் அவரை ஆண்டவருக்குத் தெரியும். நான் ஒன்பது வயதுப் பெண். எங்கள் இரண்டு பேரில் ஆண்டவர் யார் பேச்சை நம்புவார்? நானே அவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றால், எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற நாலு வரிதான். இதைச் சொல்ல அதில் இடமில்லை. மீறிச் சொன்னால், எடுத்தது அம்மா என்றும் சொல்ல வேண்டிவரும். அம்மாவை ஆண்டவரிடம் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளியும் சனியும் நான் சோறு சரியாய்த் தின்னவில்லை. என் பேர் மேலே திருடி என்று பதிந்துகிடக்கிறது, அதை யாராவது போய் அழித்தால் தேவலை என்பது ஒன்றுதான் நினைப்பாக இருந்தது.

ஞாயிறு வந்தது. அது முதல் ஞாயிறு. நைனா எழுந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, எங்களோடு மெல்ல நடந்து வந்தார். அம்மா சனிக்கிழமையே டப்பாவை நிரப்பிவிட்டிருந்தாள். அரிசி முடிச்சு கூடையில் விழுந்தபோது நைனா திரும்பி அம்மாவைப் பார்த்தார். இத்தனை அரிசி இரண்டு நாளில் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

கொட்டகையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், பிள்ளைகள் முன்னால் ஒரு பாயில். பிரசங்கம் முடிந்து ஐயர் அப்பத்தட்டின் மேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். யார்மேலும் மனதில் ஒன்றும் வைக்காமல், யாருக்காவது தப்புச் செய்திருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று, மாதா மாதம் சொல்வதை அன்றும் சொன்னார். எங்கள் ஊரில் ஆண்கள்தான் முதலில் பந்திக்குப் போவார்கள். நைனா எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்துவிட்டாள்.

"இன்னாடி சாராளு, எங்க போற? ஆம்பளைங்க போவட்டும்டி" என்று ராகேல் அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அம்மா முந்தானையை உருவிக்கொண்டு, நடுவில் இருந்த வழியைத் தாண்டி, ஆண்கள் பாய்க்குள் போய், நைனா காதில் குனிந்து ஏதோ சொன்னாள். ரொம்ப நேரமில்லை; ஒரு வாய்ப்பாட்டு வரி சொல்கிற நேரம்தான். அந்தக் கொட்டகையில் ஒரு பொம்பளை அந்த வழியைத் தாண்டி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நைனா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிள்ளைகள் பாயில் என்னைத் தேடினார். ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் தன் இடத்துக்குத் திரும்பி வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பந்திக்குப் போகவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "இன்னா மாமா, சொரத்துக்கு சாராயம் மருந்தாக்கினியா?" என்று கேட்டார். ஐயரே கிட்டே வந்து, "ஏம்ப்பா ஏசுதாஸ், உடம்பு இன்னும் சரியாகலையா?" என்றார்.

"ஒடம்பு சரியாயிட்ச்சு ஐயரே. எம் பொண்ணாண்ட எனக்கு ஒரு வேல கீது. அத்த முடிக்காம கை நீட்ட முடியாது."

ஐயர் என்னைப் பார்த்தார். "பெருநகர் கோயில்ல அடுத்த ஆராதனை. பரவாயில்ல, பத்து நிமிஷம் நிக்கிறேன், பேசிட்டு வா" என்றார்.

"பத்து நிமிசத்து வேல இல்ல ஐயரே. அடுத்த மாசம் வாங்கிக்கிறேன், நீங்க கெளம்புங்க."

ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். மதகுக்குக் கிட்டே வந்ததும் நைனா நின்றார். அம்மாவிடம், "கஞ்சி குடுத்த அன்னிக்கே சொல்லி இருக்கலாம் இல்ல?" என்றார்.

"நீ தொண்டையில வெரல வுட்டு வாந்தி எடுப்பன்னு பயந்தேன்."

"மெய்யாலுமே எடுத்திருப்பேன்."

"அதான். பத்து நாளு கயிச்சு உள்ள போன கஞ்சி." அம்மா அழுதுகொண்டே கோபப்பட்டாள். "அந்த அரிசி சீக்காளி வூட்டுக்குத்தான போவுது? சீக்காளி எங்க வூட்லயே குந்திக்கினு கீறான்னு எடுத்தேன். எடுத்தது தப்பில்லன்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். கொயந்த காலப் பாத்தும் வாய மூடிக்கினு இருந்தேனே, அதான் தப்பு."

நைனா என் எதிரில் குந்தினார். காய்ச்சலில் உள்ளே போன கண் கிட்டத்தில் பெரிதாய்த் தெரிந்தது. "உனக்குத் தெரியுமா பாப்பா, அம்மாதான் எடுத்தான்னு?"

"ம்."

"அடி வாங்கிக்கினு ஏன் சொல்லல?"

"அம்மா சொல்லாதன்னுச்சு."

அவர் என் காலைத் தொட்டுப் பார்த்தார். "நைனா தப்பு பண்ணிட்டேன். விசாரிக்காம அடிச்சுட்டேன். மன்னிச்சுடு" என்றார்.

அந்த நாளில் எங்கள் காலனியில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட அப்பனை நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மண்ணைக் காலால் கிளறியபடி நின்றேன்.

"இன்னா, இன்னும் கோவமா?"

"நீ ஏசப்பாவாண்ட சொல்லிட்டியே, நான் திருடினு."

நைனா சிரிக்கப் பார்த்தார். "அவருக்குத் தெரியும் பாப்பா. அவருக்கு எல்லாமே தெரியும்."

"தெரியும்னா நீ எதுக்கு சொன்ன?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி, "ஆமா, எதுக்கு சொன்ன?" என்று சேர்ந்துகொண்டான்.

"செரி, சாய்ங்காலம் ஜெபத்துல மாத்திச் சொல்லிடறேன்."

"இப்ப சொல்லு."

"வயியில எப்பிடிம்மா?"

"இப்பவே சொல்லு" என்று கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாளாய் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

நைனா கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அந்தச் செம்மண்ணில், மழை பெய்து ஈரம் காயாத வண்டித் தடத்தில், வெள்ளை வேட்டியோடு முட்டி போட்டார். எங்களைக் கூப்பிடவில்லை, ஆனாலும் நாங்களும் முட்டி போட்டோம்.

"ஆண்டவரே, வியாயக்கெயம நான் உம்மாண்ட ஒண்ணு சொன்னேன். அது தப்பு. எஸ்தரு திருடல. அவ அம்மா எடுத்தா, எனக்குக் கஞ்சி காச்ச. துன்னவன் நான். தெரியாம துன்னேன். துன்னுட்டு கொயந்தைய அடிச்சேன். அவ பேர அங்க எயுதி வெச்சிருந்தீங்கன்னா அத்த அடிச்சுட்டு, எம் பேர எயுதிக்கோங்கப்பா."

ஆமென் சொல்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. எங்களுக்கு வேலை கொடுக்கும் நிலத்துக்காரர், கழனி பார்க்க வந்தவர், சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். "இன்னா ஏசுதாசு, குடும்பத்தோட நடுவயியில கீறீங்க? எதுனா தொலச்சிட்டியா?"

வேறு நாளாக இருந்தால் அவரைக் கண்டதும் நைனா எழுந்து துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்திருப்பார். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. ஆமென் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். "தொலைக்கலீங்க. ஒண்ணு தப்பா சொல்லிட்டேன், அத்தத் திருத்திச் சொல்லிக்கினு கீறேன்."

"யாராண்ட?"

நைனா வானத்தைக் காட்டினார். அவர் மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார், "செரி செரி, நாளைக்கு களனிக்கு வந்துடு" என்று சைக்கிளில் ஏறிக்கொண்டார். நைனாவின் வேட்டியில் முட்டி இரண்டிலும் செம்மண் வட்டமாய்ப் பிடித்திருந்தது. வீடு வரும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அன்று மத்தியானம் இரண்டுதரம் சோறு வாங்கித் தின்றேன்.

அடுத்த மாதம் ஐயர் வந்தபோது நைனா பந்திக்கு எழுந்தார். போகிற வழியில் பிள்ளைகள் பாய்க்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் போய்க் கை நீட்டினார். அம்மாவும் அன்றைக்குத்தான் போனாள்.

அதிலிருந்து முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைகளில் நைனா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "எம்மேல உங்களுக்கு எதுனா கீதா? இருந்தா இப்ப சொல்லிடுங்க" என்று கேட்பார். தம்பி இதை நன்றாகப் பிடித்துக்கொண்டான். "கீது நைனா. பம்பரம் வாங்கித் தரேன்னு சொல்லி மூணு மாசம் ஆவுது" என்பான். நைனா தலையைச் சொறிந்துகொண்டு, "இதுக்காக ஆண்டவரு என்ன பந்தியில சேக்க மாட்டாரா?" என்று அம்மாவைக் கேட்பார். "சேக்க மாட்டாரு. வாங்கிக் குடு" என்பாள் அம்மா. அவன் பம்பரம் வாங்கியதும் அப்படித்தான்.

நைனா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் போட்ட சர்ச். பாய் போய் நாற்காலி வந்துவிட்டது. நாற்காலியில் ஆண்கள் பெண்கள் கலந்து உட்காருகிறோம், யாரும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. பந்தி இப்போது வாராவாரம் உண்டு. போகாதவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஒருவிதத்தில் நல்லதுதான். பிடி அரிசி போடுகிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. நானும் போடுவதில்லை, காணிக்கைக் கவர்தான் போடுகிறேன்.

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் போகவில்லை. என் மகன் இப்போது பதினொன்றாவது படிக்கிறான். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவதால், முக்கால்வாசி நாள் ஜெபம் செய்வது நான்தான். போன மாதம் ஒருநாள், "ஆண்டவரே, இந்தப் பையன் எந்நேரமும் போனும் கையுமாய் இருக்கிறான், படிக்கிறேன் என்று பொய் சொல்கிறான், இவன் மனதை மாற்றும்" என்று கண்ணீரோடு ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவன் முட்டி போட்டபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்மா, ப்ரேயர்ல என்னப் போட்டுக் குடுக்காத. எதுனா சொல்லணும்னா என்னாண்ட நேரா சொல்லு. அது கெமிஸ்ட்ரி நோட்ஸ்மா. சார் போன்லதான் அனுப்பறாரு" என்று போனைத் திருப்பிக் காட்டினான். ஆமாம், நோட்ஸ்தான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவளிடம் பேசுகிற பேச்சா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம், ஏரிக்கரையில் கேவிக்கொண்டு நின்ற அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்று யோசித்தேன். அவ்வளவு நடந்தும், அதே தப்பை அதே மாதிரி முட்டி போட்டுச் செய்திருக்கிறேன்.

"தப்புதாண்டா. மன்னிச்சுக்கோ" என்றேன். சொல்வது சுலபமாக இல்லை. நைனாவுக்கும் சுலபமாக இருந்திருக்காது. மறுபடியும் கண்ணை மூடுவதற்கு முன்னால், "சரி, உன்னைப் பத்தி அவராண்ட இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "நாளைக்கு டெஸ்ட் கீதுன்னு சொல்லு" என்றான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பயமா கீதுன்னும் சொல்லு" என்றான்.

அவனுக்குப் பயமாக இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் சொன்னதை மட்டும், ஒரு வார்த்தை கூட்டாமல், அப்படியே சொன்னேன். ஆமென் என்று அவன்தான் முதலில் சொன்னான்.